ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

லாரி ஷெட்டில் என் அப்பாவுக்கு வைத்த பெயர் நாளைக்காலை.

"வண்டி ரெடியா அண்ணே?" என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நாளைக்குக் காலையில பார்த்துட்டுச் சொல்றேன்." முப்பத்தோரு வருஷம் இதைச் சொன்னார். முதலில் கிண்டலாகக் கூப்பிட்டார்கள். பிறகு அதுவே பெயராகிவிட்டது. வெளியூர் டிரைவர்கள் கேட்டில் வண்டியை நிறுத்தி "நாளைக்காலை இருக்காரா?" என்று கேட்பார்கள். புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருவர், "நாளைக்கு இருப்பாருன்னு நினைக்கிறேன், வந்து பாருங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டதாக ஷெட்டில் ஒரு கதை உண்டு.

அம்மாவிடமும் ஒரு கதை இருந்தது. பெண் பார்க்க வந்தபோது, பிடித்திருக்கிறதா என்று கேட்டார்களாம். "நாளைக்குக் காலையில சொல்றேன்னுட்டு எழுந்து போயிட்டார்டி. ராத்திரி பூரா நான் தூங்கல. காலையில ஆறரை மணிக்குக் கதவைத் தட்டி, சரின்னாரு. எங்கப்பா பல்லுகூட விளக்கல."

அப்பா டிரைவராகத்தான் ஆசைப்பட்டார். இடது கண்ணில் பார்வை மங்கல். லைசென்ஸ் சோதனையில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அதனால் வண்டிக்கு அடியில் போனார். பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டு, கடைசியில் இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரோடு நின்றுவிட்டார். ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் குழாய்கள். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு மலைப்பாதை. பதினெட்டுக் கிலோமீட்டர் ஏற்றம். பாரம் ஏற்றிய லாரிக்கு அங்கேதான் பரீட்சை. அந்த மலையை அப்பா ஒரு முறைகூடத் தாண்டியதில்லை. அவர் ஊற்றிய தண்ணீர் தாண்டியது.

இதில் என்ன பெரிய வேலை, ஊற்றி மூடினால் ஆயிற்று என்று நினைப்பவர்களுக்காக இரண்டு பத்தி எழுதுகிறேன்.

பெரிய லாரியில் கூலன்ட் என்கிற அந்தக் குளிர்விக்கும் தண்ணீர் நாற்பது லிட்டர் ஓடும். பம்புக்கு அதைத் தள்ளத் தெரியும். காற்றைத் தள்ளத் தெரியாது. காலியான இன்ஜினில் வேகமாக ஊற்றினால் உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் மேடான இடங்களில் போய் ஒளிந்துகொள்ளும். இன்ஜின் தலையில், குழாய் வளைவில், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து கேபினைச் சூடேற்றும் ஹீட்டரில். வெளியே பார்த்தால் விளிம்புவரை நிறைந்திருக்கும். ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று நகர்ந்து பம்புக்குள் வந்தால் பம்ப் வெறுமனே சுற்றும். ஓட்டம் நின்ற தண்ணீர் கொதிக்கும்.

அதனால் அப்பா, முன்சக்கரங்களை இரண்டு மரக்கட்டைகள்மேல் ஏற்றி வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்துவார். கொளுத்தும் வெயிலிலும் ஹீட்டரைத் திறந்துவைப்பார். மேலே இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்துவார். விரல் தடிமனுக்கு மேல் போகாமல் ஊற்றுவார். திருகின் வாயில் நுரை வந்து, குமிழ் வந்து, கடைசியில் வெறும் தண்ணீராக வரும்வரை காத்திருப்பார். மூடியைத் திறந்தபடியே இன்ஜினை மெதுவாக ஓடவிடுவார். சூடேறி தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும் நேரத்தில் தண்ணீர் மட்டம் மடக்கென்று இறங்கும். மறுபடி ஊற்றுவார். பிறகு மூடி, அணைத்து, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்.

பழைய போர்வையில் கிழித்த துணி. ஒரு முழம் இருக்கும். அது கட்டியிருந்தால் வண்டியை யாரும் எடுக்கக் கூடாது. முதலாளியாக இருந்தாலும் சரி. ராத்திரி முழுக்க இன்ஜின் ஆறும்போது மிச்சமிருக்கும் காற்று மெல்ல மேலேறிவிடும். காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது, அப்பா மூடியைத் திறந்து விரலை விடுவார். இறங்கியிருந்தால் நிரப்புவார். அதன் பிறகுதான் துணியை அவிழ்ப்பார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். எங்கும் எழுதிவைக்காத சட்டம் அது. அந்த ஷெட்டில் யாரும் மீறியதில்லை.

நான் மீறினேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் வெப்பப் பரிமாற்றிகள் வடிவமைக்கும் பிரிவில் இருக்கிறேன். சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்தும் கருவிகள். அப்பாவின் வேலையும் அதுதான், என்னுடையது காகிதத்தில். போன வருஷம் நான்கு நாள் விடுப்பில் வந்தபோது அவருக்கு ஒரு கருவி வாங்கி வந்தேன். ரேடியேட்டர் வாயில் பொருத்தினால் உள்ளே இருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிடும். வெற்றிடமான பிறகு கூலன்ட்டை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அரைமணி நேர வேலை. காலைவரை காத்திருக்கத் தேவையில்லை.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரம் போன்ற அதன் மானியைத் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஏம்மா இன்ஜினீயரம்மா, இது வந்துட்டா என் பேரை என்ன பண்றது?"

"இன்னிக்கேன்னு மாத்திக்கங்க."

அன்று அவர் சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டுக்கு விடுமுறை. ஒத்தைஹாரனின் வண்டி மட்டும் நின்றிருந்தது. ஒத்தைஹாரன் என்பது அதன் டிரைவர். கேட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அப்பாவுக்காக ஒரே ஒரு ஹாரன் அடிப்பார், அதனால் அந்தப் பெயர். அப்பாவின் இருபது வருஷ சிநேகிதர். எனக்கு மாமா. காலையில் அப்பா அந்த வண்டிக்குப் புதுப் பம்ப் மாட்டினார். தண்ணீரை வடிக்கும்போதே துணியைக் கட்டிவிட்டிருந்தார். மதியம் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் நிரப்பிட்டு வரேன்" என்றேன்.

"கட்டு அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் காலையில நான் பார்த்துக்கறேன்."

"சரிப்பா."

கருவியை மாட்டினேன். காற்று உறிஞ்சப்பட்டு ரப்பர் குழாய்கள் சப்பளிந்தன. மானியின் முள் இறங்கி நின்றது. பிறகு மெல்லத் திரும்பி ஏறத் தொடங்கியது. எங்கோ கசிகிறது. தேடினேன். ஹீட்டருக்குப் போகும் பழைய குழாயின் இணைப்பில்தான். தண்ணீர் கசியாது, காற்று மட்டும் நுழையும் அளவுக்குச் சன்னமான இடைவெளி. அந்த வண்டியில் ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் கேபினில் இருக்கும் ஒரே நெம்புகோல் மூடிவிடும். மூடினேன். முள் நின்றது. முள் நின்றால் போதும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முப்பத்தெட்டு லிட்டர் ஏழு நிமிடத்தில் உள்ளே போனது. ஹீட்டரில் மட்டும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் காற்று அப்படியே இருந்தது. எனக்குத் தெரியும். மலையில் குளிரெடுத்து அவர் திறக்கும்போது தானாக நிரம்பிக்கொள்ளும், இரண்டு லிட்டர்தானே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கணக்குப் போடாமல் விட்டேன்.

ஸ்டியரிங்கில் அந்தத் துணி இருந்தது. கிரீஸும் தூசியும் ஏறி, சிவப்பு என்று சொன்னால்தான் தெரியும். அவிழ்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் துவைத்து, பின்பக்கக் கொடியில் உலர்த்தினேன். காலையில் அப்பா எழுந்ததும் அதைக் காட்டி, இனி இது வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவருக்கு ஓர் ஆச்சரியம் கொடுப்பதாக எண்ணம்.

காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அடுத்து நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா முகம் கழுவப் பின்பக்கம் போனார். கொடியைப் பார்த்தார். இடுப்புப் பிடிப்போடு, ஒரு காலில் மட்டும் செருப்புடன், தெருவில் ஓடினார். ஷெட்டில் வண்டி இல்லை. கட்டு இல்லாததைப் பார்த்து ஒத்தைஹாரன் ஐந்து மணிக்கே பாரத்தோடு கிளம்பியிருந்தார். அப்பா கேட்டருகே நின்று போன் அடித்தார். பதினோரு முறை. மலைப்பாதையில் சிக்னல் கிடையாது.

ஏற்றத்தில் எப்போதும்போல் சூட்டுமானியின் முள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒத்தைஹாரன், இருபது வருஷமாக அப்பா சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். இன்ஜின் சூட்டைக் கேபினுக்குள் இறக்க ஹீட்டர் நெம்புகோலை முழுக்கத் திறந்தார். இரண்டு லிட்டர் காற்று பம்புக்குள் போனது. டேஷ்போர்டுக்குப் பின்னால் களக், களக் என்று சத்தம். முள் துள்ளி ஏறியது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் இறங்கியும் விட்டது. சூட்டை அளக்கும் உணரி தண்ணீரில் முழுகி இருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் விலகிக் காற்றில் தொங்கினால் பொய் சொல்லும். அவருக்கு அது தெரியாது. இருபது நிமிடம் காத்திருந்தார். முள் கீழே இருந்தது. ஆறிவிட்டது என்று மூடியைத் திருகினார்.

வலது முன்கை, கழுத்து, தாடையின் ஒரு பக்கம் வெந்துபோயின.

அன்று மதியம் ஷெட்டில் மேனேஜர் கேட்டார். "கட்டை யார் அவிழ்த்தது?"

"நான்தான்" என்றார் அப்பா.

நான் அங்கே இல்லை. பதினொன்றரை மணிப் பேருந்தில் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்பா கேட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வேலைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக் கிளம்பினேன், என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் கழித்துத்தான் போனில் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து, மேலே எழுதிய எல்லாவற்றையும் படமாக வரைந்தேன். காற்று எங்கே இருந்தது, எங்கே போனது. அம்புக்குறி போட்டேன். எங்கும் பிழை இல்லை.

அப்பாவை இன்ஜின் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி, கேட்டில் உட்காரவைத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு விசில், கயிறு கட்டிய தடுப்புக் கம்பம். வண்டி வந்தால் கயிற்றை இழுத்துக் கம்பத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். வெல்டர் மட்டும் போகும்போதும் வரும்போதும், "என்ன நாளைக்காலை, கேட்டை இன்னிக்கே திறப்பியா, இல்ல பார்த்துட்டுச் சொல்வியா?" என்பார். அப்பா சிரிப்பாராம். ஒத்தைஹாரன் இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டைக் கடந்தார். ஹாரன் அடிக்கவில்லை. தினமும் அப்படித்தான்.

நான் வாரம் ஒரு முறை போன் செய்தேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா." "வேலை எப்படி?" "பரவாயில்லப்பா." ஒரு முறை மட்டும் ஆரம்பித்தேன்.

"அப்பா, அந்த வண்டி…"

"நாளைக்குக் காலையில பேசலாம்" என்றார்.

காலையில் ஆறரைக்கு அவரே போன் செய்தார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் எந்த அளவு வாங்குவது என்று கேட்டார். அவருக்குத் தெரியாத அளவா? சொன்னேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

ஐந்தாம் மாதம், ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு லாரி வெளியே போன பிறகு தடுப்புக் கம்பம் இறங்கவில்லை. தூக்கியபடியே நின்றது. கால்மணி நேரம் கழித்து டயர்க்காரர்தான், "என்னய்யா, கேட்டு ஆன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்று போய்ப் பார்த்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. இருதயம் நின்று அப்படியே போயிருந்தார்.

அவர் சட்டைப்பையில் இருந்தவற்றை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி, விசில், பேனா. நான்காக மடித்த ஒரு சிவப்புத் துணி.

"அன்னிக்குக் கொடியில இருந்து எடுத்தவரு" என்றாள் அம்மா. "மடிச்சுப் பையில வெச்சாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். பைமேல கையை வெச்சுக்கிட்டாரு. தினமும் சட்டை மாத்துறப்போ அதையும் எடுத்து மாத்திப்பாரு."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோப்பில் வெளுத்துச் சுத்தமாக இருந்தது.

அதிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. ஆபீஸில் தண்ணீர் கேனை மாற்றும்போது. குளியலறையில் வாளி நிறையும்போது. பேருந்தில் முன் இருக்கையில் ஒருவர் பாட்டிலைக் கவிழ்த்துக் குடிக்கும்போது. களக், களக். காற்று இடம் தேடும் சத்தம். பாட்டிலைச் சரித்துப் பிடித்து மெதுவாகக் குடிங்க என்று ஒரு முன்பின் தெரியாதவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாவின் கருவிப்பெட்டியை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். பெட்டி மட்டும் காரணமில்லை என்பது கிளம்பும்போதே தெரியும். துணியைக் கைப்பையில் வைத்திருந்தேன்.

ஒத்தைஹாரனின் வண்டியைச் சுற்றிக் கூச்சலாக இருந்தது. முதல் நாள் ரேடியேட்டர் மாற்றியிருக்கிறார்கள். புது ஃபிட்டர் தண்ணீர் ஊற்றி, முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பாரம் போயாக வேண்டும். ஒத்தைஹாரன் எடுக்க மாட்டேன் என்கிறார்.

"நிறையத்தானேய்யா இருக்கு? மூடியைத் திறந்து பாரு!" என்றார் மேனேஜர்.

"மூடியைத் திறந்து பார்த்தவன்தான் சார் நான்" என்றார் ஒத்தைஹாரன். சட்டைக் காலருக்கு மேலே தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. "டேஷ்போர்டுக்குப் பின்னாடி களக்குன்னு கேக்குது. ஹீட்டர்ல குளுந்த காத்து வருது. நான் இதை எடுத்துட்டு மலை ஏற மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க."

"உனக்குப் பயம்யா."

"ஆமா. பயம். எழுதிக் கொடுக்கவா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். துக்கம் கேட்க வீட்டுக்கு அவர் வரவில்லை. அப்பாவை எடுத்த அன்று தெருமுனையில் நின்றுவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள்.

"பாப்பா, உனக்குத் தெரியும்ல, அவரு செய்யுற மாதிரி?"

"தெரியும் மாமா."

"செஞ்சு குடு."

மரக்கட்டைகள் சுவரோரம் அதே இடத்தில் இருந்தன. வண்டியின் மூக்கை ஏற்றி நிறுத்தினோம். தண்ணீரைப் பாதிக்கு வடித்தேன். ஹீட்டர் நெம்புகோலைத் திறந்தேன். திறந்திருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். அந்தப் பழைய குழாயை வெட்டி எடுத்துப் புதிது மாட்டினேன். இத்தனை மாதமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. காற்றுத் திருகைத் தளர்த்தி, விரல் தடிமனுக்கு ஊற்றினேன். மேல் குழாயைக் கையால் அழுத்தி விட்டேன், அழுத்தி விட்டேன். நுரை வந்தது. குமிழ் வந்தது. புது ஃபிட்டர் பக்கத்தில் நின்று, "இதுக்கு ஒரு நாளாக்கா?" என்றார். "ஒரு நாளும் ஒரு ராத்திரியும்" என்றேன்.

ஓடவிட்டோம். நாற்பது நிமிடம். மேல் குழாய் சூடாகி, மட்டம் மடக்கென்று நாலு விரல் இறங்கியது. உள்ளே ஒரு பெரிய குமிழ் விழித்துக்கொண்டது போல் எழுந்து வாயருகே உடைந்தது. ஒத்தைஹாரன் ஓரடி பின்வாங்கினார். அவரை அறியாமல் கழுத்தைப் பொத்திக்கொண்டார். நான் ஊற்றினேன்.

அணைத்துவிட்டுக் கேபினில் ஏறினேன். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து டேஷ்போர்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து துணியை எடுத்து ஸ்டியரிங்கில் கட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். "இது அவரோடதா? இவ்வளவு சுத்தமா இருக்கு."

"நான் துவைச்சேன் மாமா."

"இப்பவா?"

"இல்ல. அன்னிக்கு. நீங்க மலைக்குப் போனதுக்கு முந்தின நாள். நான்தான் தண்ணி நிரப்பினேன். நான்தான் கட்டை அவிழ்த்தேன். அப்பா வீட்டுல இடுப்புப் பிடிச்சுப் படுத்திருந்தாரு. அவருக்குத் தெரியாது. காலையில கொடியில பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டாரு. உங்களுக்குப் பதினோரு தடவை போன் பண்ணியிருக்காரு."

அவர் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டார்.

"பார்த்தேன்" என்றார் பிறகு. "ஆஸ்பத்திரியில இருக்கும்போது பார்த்தேன் அந்தப் பதினொண்ணை. செய்யறதையும் செஞ்சுட்டுக் கூப்பிட வேற கூப்பிடறான்னு நினைச்சேன்."

"மாமா…"

"பேசாத." கையை ஓங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டார். "இது ஆறிடுச்சு பாப்பா. தோலுதானே. மூணு மாசம் கேட்டைத் தாண்டுறப்போ எல்லாம் கண்ணாடியை ஏத்தினேன். அவரு கம்பத்தைத் தூக்கிட்டு அண்ணாந்து உள்ள பார்ப்பாரு, நான் ரோட்டைப் பார்ப்பேன். அன்னிக்கு மூணு மணிக்குப் போன வண்டி எதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"இதுதான். நான்தான் கடைசி. அப்பவும் திரும்பல. அந்தக் கம்பம் இறங்காம நின்னுதே, சைடு கண்ணாடியில பார்த்தேன், ஏன் இன்னும் இறக்கலன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. போயிட்டேன்." இறங்கினார். கீழே நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவருகூடப் பேசியிருப்பேன்."

நடந்து போய்விட்டார்.

அன்று நான் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சோறு போட்டேன், பாத்திரம் கழுவினேன், சத்தம் வராதபடி குழாயைப் பாதிதான் திறந்தேன். அப்பா வாங்கிய வாஷர் பிரிக்காமல் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. மாட்டினேன்.

காலை ஆறரைக்கு ஷெட்டில் இருந்தேன். இன்ஜின்மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. மூடியைத் திறந்து விரலை விட்டேன். விரல் நுனியில் தண்ணீர் படவில்லை. மூன்று விரல் இறங்கியிருந்தது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் மூன்று விரல் காற்று எங்கோ ஒளிந்திருந்து, எல்லோரும் போன பிறகு வெளியே வந்திருக்கிறது. நிரப்பினேன். கொஞ்சம் வழிந்தது.

ஒத்தைஹாரன் வந்தார். என்னிடம் பேசாமல் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் காற்றுவாயின் முன்னால் தழும்பு விழுந்த கையை நீட்டினார். அந்தக் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது போலிருக்கிறது. இடது கையை மாற்றி நீட்டினார்.

"சூடா வருது."

நான் கட்டை அவிழ்க்கப் படியில் ஏறினேன்.

"அவிழ்க்காத" என்றார். "முதல்ல அங்க போய்ச் சொல்லு. எல்லாரும் இருக்காங்க. அவரு எங்க வெச்சு நான்தான்னு சொன்னாரோ அங்க வெச்சு. சொல்லிட்டு வந்து அவிழ். அதுவரைக்கும் வண்டி நகராது."

கருவி அலமாரிக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், வெல்டர், டயர்க்காரர், புது ஃபிட்டர். என்ன சொல்ல வேண்டும் என்று ஆறு மாதமாக எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். நான்கு வாக்கியம்தான் வந்தது. நிரப்பியது நான். ஹீட்டரை மூடியது நான். கட்டை அவிழ்த்தது நான். அப்பா பொய் சொன்னார்.

மேனேஜர், "இப்போ எதுக்கும்மா இதெல்லாம்" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். வெல்டர் கிளாஸைக் கீழே வைத்தார். அதற்குள் இன்னும் பாதி டீ இருந்தது.

டயர்க்காரர்தான் கேட்டார். "நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே அந்த நாற்காலியில உக்காந்தாரா?"

"ஆமா."

டயர்க்காரர் திரும்பிக் கேட்டைப் பார்த்தார். யாராவது திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்து படியில் ஏறித் துணியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. ஒத்தைஹாரன் இரண்டு கையையும் மடியில் வைத்துக் காத்திருந்தார். அவிழ்ந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "தள்ளி நில்லு" என்றார். அவ்வளவுதான்.

கேட்டில் இப்போது வேறு ஆள். அதே நாற்காலி. வண்டி போய் நின்றது. கம்பம் தூக்கப்பட்டது. வண்டி நகரவில்லை. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மெல்ல இறங்கியது. ஹாரன் வரவில்லை. இறங்கிய கண்ணாடியோடு அப்படியே நின்றிருந்தது.

"கம்பம் தூக்கியாச்சு, போங்கண்ணே!" என்று புது ஆள் கத்தினார். "கை வலிக்குது!"

பிறகு போனது. மலை ஏறி இறங்கிவிட்டதாக மாலையில் ஷெட்டுக்குச் செய்தி வந்திருக்கிறது. எனக்கு அவர் போன் செய்யவில்லை.

கருவிப்பெட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. துணி அதற்குள். முடிச்சு விழுந்த இடத்தில் என் கையிலிருந்து கிரீஸ் ஒட்டிக் கறுத்திருக்கிறது. துவைக்கவில்லை.